எண்ணூற்று எழுபது மீற்றர்: மீனலோசனி அம்மையாருக்குத் தீவகக் கிளையார் எழுதியது

பாவனையாளர் காப்புப் பணியகத்தின் தீவகக் கிளையிலே நிறையும் அளவும் நெறிபிறழாது காத்து, முப்பத்தொரு ஆண்டு அரசபணியை முகங்கோணாது முடித்து, இன்று அறுபதாம் அகவையில் ஓய்வுபெறுகின்ற, புங்குடுதீவு பெற்ற பெருமாட்டி, மூத்த விசாரணை உத்தியோகத்தர் திருமதி மீனலோசனி ஆழ்வாப்பிள்ளை அவர்களின் திருமுன்னர், உடன் பணியாற்றியோர் உளம் உவந்தும் உள்ளே கொதித்தும் வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்!

பிரியாவிடை மடல் என்றால் பன்னீரும் பாராட்டும் பக்குவமாய்க் கலந்து பரிமாறுவதே வழக்கம். அந்த வழக்கத்துக்குத் துணையாக மேலிடத்திலிருந்து அச்சிட்ட மாதிரி மடல் ஒன்றும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டு, "அமைதியான சுபாவமும் அனைவரோடும் அனுசரித்துப்போகும் அரும்பண்பும் வாய்ந்த" என்று அதிலே முன்கூட்டியே அடித்திருந்தார்கள். தங்களையா? அனுசரித்துப்போகிறவர் என்று தங்களையா? எங்கள் பிரதம இலிகிதர் பரராசசிங்கம் அண்ணை அதை ஒருமுறை வாசித்தார், மறுமுறையும் வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இது ஆரோ வேறை ஆளுக்கு எழுதினது. நாங்கள் எங்கடை ஆளுக்கு எழுதுவம்" என்றார். ஆதலால் இம்மடல் மாதிரிக்கு மாறானது. இதில் மகிழ்ச்சி உண்டு. மனக்கொதிப்பு அதனிலும் அதிகம் உண்டு. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்போது கொஞ்சம் பலமான ஆணியாகப் பார்த்து அடிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

அளவு பிசகாத அம்மையே!

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில், மண்ணெண்ணெயை மருந்துபோல் அளந்து விற்ற காலத்தில், சவர்க்காரம் ஒரு சம்பத்தாக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் தாங்கள் இப்பணியில் இணைந்தீர்கள். முதல் மாதத்திலேயே கடைக்காரர் ஒருவர் எண்ணெய் அளக்கும் பேணியைக் கவிழ்த்துப் பார்த்து, அதன் அடியில் மேலதிகமாக ஒரு தகரம் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். அவர் பதறிப்போய்க் கடதாசியில் சுற்றி இரண்டு கட்டிச் சவர்க்காரத்தைத் தங்கள் கையில் வைத்தார். தாங்கள் மறுக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கி, பேணியோடு சேர்த்துச் சான்றுப்பொருளாகப் பொதிசெய்து, பொதியின்மேல் அவரிடமே கையெழுத்தும் பெற்றுக்கொண்டீர்கள்! அந்தக் கதையை இன்றும் புதிதாகச் சேரும் உத்தியோகத்தருக்கு நாங்கள் முதல் நாளிலேயே சொல்கிறோம். தீவகத்துக்கு மாற்றம் என்றால் தண்டனை என்று மற்றவர்கள் முகம் சுளித்த நாளில், அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டி வந்தவரும் தாங்களே.

ஆனால் இன்று இந்தக் கூட்டத்தில் பேசப்பட வேண்டியது பேணியின் கதை அல்ல. ஒரு வாசலின் கதை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லி மழுப்பிவிட ஏலாது. தெரிந்தும் வாய்மூடி இருந்தவர்கள் நாங்கள். எனவே ஒழுங்காகச் சொல்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அல்லைப்பிட்டிக்கு அப்பால் உள்ள வெளியிலே ஒரு சிறு விமானத்தளம் எழுந்தது. நிலம் அரசினுடையது; ஓடுபாதை மக்களின் வரியில் போடப்பட்டது; நடத்தும் பொறுப்பு மாத்திரம் வெண்கொக்கு என்னும் தனியார் கம்பனிக்கு முப்பது ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிப் போகும் கொழும்புக்கு இனி ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்றார்கள். நாமும் நம்பினோம், நல்லது என்றோம், திறப்பு விழாவில் கைதட்டினோம்.

பிறகு பார்த்தால், உள்ளே இருக்கும் ஒரே தேநீர்க்கடை அந்தக் கம்பனியின் தம்பிக் கம்பனி. வாடகைக்கார் ஓட்டுவது மச்சான் கம்பனி. பொதி தூக்குவதும் சக்கர நாற்காலி தள்ளுவதும் மருமகன் கம்பனி. தண்ணீர்ப் போத்தலில் அடித்த விலை ஒன்று, அங்கே கேட்கும் விலை அதைப்போல் மூன்று மடங்கு. பிடிக்காவிட்டால் வேறு கடையில் வாங்கலாம் என்பது சந்தைக்குப் பொருந்தும். வேறு கடையே வர விடாத இடத்தில் அந்தப் பேச்சு எப்படிப் பொருந்தும்? இவை எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்ததுபோல், பிரதான வீதியிலிருந்து விமானத்தள வீதிக்குத் திரும்பும் இடத்திலேயே சிவப்பும் வெள்ளையும் பூசிய தடி ஒன்றைக் குறுக்கே போட்டார்கள். தீவகத்து ஓட்டோவோ வானோ அந்தத் தடியைத் தாண்டக் கூடாது. வருகிறவர் அங்கே இறங்க வேண்டும். கம்பனியின் வாகனத்துக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் நடக்க வேண்டும். வழியில் நிழலுக்கு ஒரு மரமும் இல்லை.

அந்த வழியில்தான் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை நடந்தார்.

அல்லைப்பிட்டிக் கடலில் நாற்பது ஆண்டு வலை வீசிய மனிதர் அவர். அவருடைய முற்றத்தில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து ஒரு காலையில், வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் மனைவி ஜெயந்தா அக்காவைக் கூப்பிட்டு, "வலக்கண்ணுக்குள்ளை கறுப்பாய் ஒரு திரை இறங்குது" என்றார். யாழ்ப்பாணத்து வைத்தியர் பார்த்தார். கண்ணின் உட்திரை கழன்றுகொண்டு வருகிறது என்றார். அந்தச் சத்திரசிகிச்சை செய்பவர் அக்கிழமை இங்கே இல்லை. உடனே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தலையைக் குலுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, விறுவிறென்று நடக்கக் கூடாது என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். பிரான்சில் இருக்கும் தம்பியார் அன்று மத்தியான விமானத்துக்கே இரண்டு ரிக்கெற் எடுத்து அனுப்பினார். பக்கத்து வீட்டு ஜெகதீஸ் தன் ஓட்டோவில் ஏற்றினார். வீட்டிலிருந்து பத்து நிமிடப் பயணம்.

தடி குறுக்கே கிடந்தது.

"கண் ஒப்பரேசனுக்குப் போற ஆள் தம்பி. டொக்டற்ரை கடிதம் இருக்கு, பாருங்கோ" என்று ஜெயந்தா அக்கா காவலாளியிடம் கெஞ்சினார்.

"எனக்கு விளங்குது அக்கா. தடியைத் தூக்கினன் எண்டால் நாளைக்கு எனக்கு வேலை இல்லை" என்றார் அவர். அவரும் எங்கள் தீவகத்தவர்தான்.

கம்பனியின் வாகனம் அப்போதுதான் ஆட்களோடு உள்ளே போயிருந்தது. திரும்பிவர இருபது நிமிடமாகும் என்றார்கள். சக்கர நாற்காலி கேட்டார்கள். அதற்கு முதல் நாளே பணம் கட்டிப் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். தடிக்கு அப்பால் ஓட்டோ போகக் கூடாது, சரி, ஆளையாவது தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஜெகதீஸ் இறங்கினார். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை விடவில்லை. சித்திரை வெயிலில், வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மெல்ல நடந்தால் விமானம் போய்விடும். விரைந்து நடந்தால் கண் போய்விடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரை நடக்கவிட்டது ஒரு தடி!

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பதிவு மேசை மூடி நான்கு நிமிடமாகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, விமானம் எழும்பிப் போவதை இருவரும் பார்த்தார்கள். இரவு பஸ்ஸில் போனார்கள். மறுநாள் பின்னேரம் சத்திரசிகிச்சை நடந்தது. வலக்கண்ணில் வெளிச்சம் தெரிகிறதே தவிர உருவம் தெரியவில்லை. முதல் நாளே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று ஜெயந்தா அக்கா கேட்டதற்கு, அந்த வைத்தியர், "உறுதியாய்ச் சொல்ல ஏலாது அம்மா. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது" என்றாராம். அந்த ஒரு வாய்ப்பை யார் எடுத்தார்கள்? என்ன உரிமையில் எடுத்தார்கள்? இதை வாசிக்கும் இந்த வேளையிலும் எங்கள் நெஞ்சு வேகிறது.

கேட்க ஒருவருமில்லாதோரின் கேள்வியாய் நின்றவரே!

இரண்டு கிழமை கழித்து ஜெயந்தா அக்கா எங்கள் கந்தோர்ப் படியேறி வந்தார். முறைப்பாட்டுப் படிவத்தைத் தாங்களே கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருத்தி நிரப்பினீர்கள். எதிர்பார்க்கும் நட்டஈடு என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"அதிலை ஒண்டும் போடவேண்டாம் மிஸ்" என்றார் அவர். "கண்ணுக்கு என்னத்தைக் கேக்கிறது? அந்தத் தடியை எடுக்கச் சொல்லுங்கோ. இனி ஆரும் அதாலை நடக்கக் குடாது. அவ்வளவுதான்."

தாங்கள் அந்த இடத்தில், "தடியை எடுக்க வேண்டும்" என்று எழுதினீர்கள். நட்டஈட்டுக்கான கட்டத்தில் இப்படியொரு வாசகம் எங்கள் பணியகத்தின் வரலாற்றிலேயே எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அளவுநாடாவோடு போனீர்கள். தடியிலிருந்து கண்ணாடிக் கதவுவரை அளந்தீர்கள்: எண்ணூற்று எழுபது மீற்றர். அதன்பின் பதினொரு நாள், பிடித்த குடையும் கையிற் கொப்பியுமாக அந்தத் தடிக்கு அருகே நின்றீர்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் நடந்தார்கள், எழுதினீர்கள். பிறந்து பதினாறு நாளான குழந்தையோடு ஒரு தாய் நடந்தார், எழுதினீர்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஆசிரியர் ஒருவர் பெட்டியை ஊன்றுகோலால் தள்ளித் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து அதையும் எழுதினீர்கள். சாட்சி சொன்னால் தன்னுடைய அனுமதிப்பத்திரத்தில் கை வைப்பார்கள் என்று ஜெகதீஸ் பயந்தார். "பயம் எண்டால் பயம் எண்டே சொல்லும். ஏன் பயம் எண்டதையும் சேர்த்து எழுதிறன்" என்றீர்கள். அவர் சொன்னார். அப்படியே எழுதினீர்கள்.

கம்பனியின் நிலைய முகாமையாளர் தங்களைக் குளிரூட்டிய அறைக்கு அழைத்துத் தேநீர் தந்தார். தாங்கள் தொடவில்லை. "இது தனியார் நிர்வாகம் மேடம். இஞ்சை எங்கடை ஒழுங்கு. பிடிக்காத ஆக்கள் பஸ்ஸிலை போகலாம்தானே" என்றார் அவர்.

"போகலாம். பஸ்ரியாம்பிள்ளை பஸ்ஸிலைதான் போனவர்" என்றீர்கள். "போகேக்கை ரெண்டு கண் இருந்தது."

அந்தப் பதிலை, தங்களோடு வந்த எங்கள் சாரதி டிலோன் இப்போதும் சொல்லிக் காட்டுவார்.

அறுபத்து நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினீர்கள். தடியை அகற்ற வேண்டும். எந்த வாகனமும் வாசல்வரை போக வேண்டும். நோயாளருக்குச் சக்கர நாற்காலி இலவசமாக வேண்டும். விலைப்பட்டியல் மும்மொழியிலும் தொங்க வேண்டும். வேறு கடைக்கும் வேறு வாகனத்துக்கும் வேறு விமான சேவைக்கும் இடமளிக்க வேண்டும். ஒரே வாசலை வைத்திருப்பவர் அந்த வாசலைக் காட்டி ஊரைப் பிழியக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு சான்று. அதை மேலிடத்துக்கு அனுப்பினோம்.

என்ன நடந்தது? விமானத்தளம் எங்கள் எல்லைக்குள் வராது என்று எங்கள் மேலிடம் எழுதியது. விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினீர்கள். விலையும் வியாபாரப் போட்டியும் எங்கள் எல்லைக்குள் வராது என்று அவர்கள் எழுதினார்கள். இவர் அங்கே என்றார். அவர் இங்கே என்றார். ஏழு முறை பதிவுத் தபாலில் போய் ஏழு முறையும் திரும்பி வந்தது. எங்கள் தீவக மக்களைவிட அந்தக் கோப்புத்தான் கொழும்புக்கு அதிகம் பயணம் செய்தது! குளிரூட்டிய அறைகளில் குத்தப்பட்ட முத்திரை ஒவ்வொன்றுக்கும், இங்கே எத்தனை பேர் அந்த வெயிலில் நடந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? எல்லை, எல்லை என்று எழுதினார்களே, மனிதர் ஒருவரின் கண் எந்த இலாகாவின் எல்லைக்குள் வரும் என்று ஒருவரேனும் எழுதினார்களா?

இனி வரும் பகுதியை எல்லோர் சார்பிலும் வாசிக்க எனக்கு உரிமை இல்லை. நான் தனியே வாசிக்கிறேன்.

தாங்கள் பயணிகளுக்கு இடையூறு செய்வதாகக் கம்பனி மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தது. தங்கள் நடத்தைபற்றி உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் இரகசிய அறிக்கை கேட்டார்கள். "விசாரணை உத்தியோகத்தர் தனிப்பட்ட விரோதம் காரணமாகக் கடமை எல்லையை மீறி நடந்துகொண்டார்" என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. மிஸ், அந்த வாக்கியத்தை எழுதியவன் சுஜிதனாகிய நான். என் பதவி உயர்வுக் கடிதம் அப்போது அவர்கள் மேசையில் கிடந்தது. எழுதினால் வரும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதாவிட்டால் வராது என்று எனக்கே தெரிந்திருந்தது. அது வந்தது. அதே கிழமை உங்களுக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. நீங்கள் அலுமாரிச் சாவியை என்னிடம் ஒப்படைத்தபோது, "கோப்பு ரெண்டாம் தட்டிலை இருக்கு. கறையான் பிடிக்காமல் பாத்துக்கொள்ளும் சுஜிதன்" என்று மாத்திரம் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அப்போதே எனக்கு விளங்கியது. இந்த மடலை நானே எழுத வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்டு நின்றவன் நான். மன்னிப்பை மடலில் எழுதிக் கேட்பது இலகு. ஆகையால் இங்கே நான் அதைக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

இனி மீண்டும் எல்லோர் சார்பிலும்.

கடல் தாண்டியும் கடமை தளராதவரே!

பதினாறு மாதம். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடலில் போய், நெடுந்தீவுக் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டு, பின்னேரப் படகில் திரும்புவதே தங்களுக்கு விதித்த வேலை. சோளகக் காற்றில் படகு தூக்கி எறியும் நாட்களில் புடவை நனைந்தபடியே கந்தோரில் இருந்தீர்களாம். ஒரு நாளும் லீவு போடவில்லை. அந்தத் தண்டனையில் தாங்கள் நொடிந்துபோவீர்கள் என்று எதிர்பார்த்தவர்களைத்தான் கடல் ஏமாற்றியது! ஏனென்றால் அந்தப் படகிலேயே, மடியில் கடதாசி வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினீர்கள். உத்தியோகத்தராக அல்ல, தேசிய அடையாள அட்டை வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பிரசையாக. விமானத்தளக் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியும் வரைபடமும் வேண்டும் என்று கேட்டீர்கள். வியாபார இரகசியம், தர ஏலாது என்று பதில் வந்தது. மேன்முறையீடு செய்தீர்கள். ஏழு மாதம் கழித்து, தடித்த உறை ஒன்று தங்கள் புங்குடுதீவு வீட்டுக்கு வந்தது.

ஒப்பந்தத்தைவிட வரைபடந்தான் பேசியது. குத்தகைக் காணியின் எல்லை சிவப்புக் கோட்டால் கீறப்பட்டிருந்தது. அந்தக் கோடு தொடங்குவது கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உள்ள முற்றத்தில். தடி கிடந்த இடத்திலிருந்து முற்றம்வரையான வீதியின் மேலே, "பிரதேச சபை வீதி, பொதுப் பாவனைக்குரியது" என்று தெளிவாக எழுதியிருந்தது.

எங்கள் வீதி! எங்கள் வரியில் போட்ட வீதி! ஐந்து ஆண்டுகளாக எங்கள் வீதிக்குக் குறுக்கே தமது தடியைப் போட்டு, எங்கள் வீதியில் எங்களை ஏற்றிப் போவதற்கு எங்களிடமே பணம் அறவிட்டிருக்கிறார்கள்! பஸ்ரியாம்பிள்ளை அண்ணை ஏறிவந்த ஓட்டோவை மறித்தது தனியார் நிர்வாகத்தின் ஒழுங்கு அல்ல. அது வெறும் அபகரிப்பு. அந்த வரைபடத்தின் பிரதி இரண்டு அலுவலகங்களிலும் தொடக்கத்திலிருந்தே கிடந்தது என்பதை நினைக்கும்போது கோபத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. ஏழு முறை கடிதம் எழுதிய கைகளில் ஒன்றாவது அந்தச் சுருளை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

வரைபடத்தோடு பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போனீர்கள். வரியிறுப்பாளர் என்ற உரிமையில் பேச நேரம் கேட்டீர்கள். கம்பனி ஒரு சட்டத்தரணியை அனுப்பியிருந்தது. வீதிபற்றிப் பேச அவரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவர் தங்களைப் பற்றிப் பேசினார்.

"உங்களுக்கு எங்கடை கம்பனியோடை என்ன தனிப்பட்ட கோபம் அம்மா?" என்று கேட்டார்.

"தனிப்பட்ட கோபம் எண்டால் வீட்டிலை வைச்சிருப்பன்" என்றீர்கள். "இது பொதுக் கோபம். அதாலைதான் பொது இடத்துக்குக் கொண்டுவந்தனான்."

சபையில் இருந்தவர்கள் மேசையில் தட்டினார்கள். அன்றைக்கே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகும் கம்பனி ஐந்து மாதம் இழுத்தது. இவ்வாண்டு மாசி மாதத்தில், சபையின் வேலையாட்கள் உழவு இயந்திரத்தோடு போய்த் தடியையும் அதன் சீமெந்துத் தூணையும் பிடுங்கினார்கள்.

அந்த வீதியில் முதலாவதாகப் போனது ஜெகதீஸின் ஓட்டோ. பின்னால் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இருந்தார். அவருக்கு அன்று எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஓட்டோ நின்றது. அவர் இறங்கவில்லை.

"எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிசம் அண்ணை" என்றார் ஜெகதீஸ்.

அவர் ஓட்டோவைத் திருப்பச் சொன்னார். வீட்டுக்குப் போனார்கள்.

இதற்குப் பின் நடந்த வெட்கக்கேட்டையும் இந்த மடலில் பதியாமல் விட ஏலாது. ஒரு கிழமை கழித்து, அதே முற்றத்தில் வெண்கொக்குக் கம்பனி பந்தல் போட்டது, நாதஸ்வரம் ஊதுவித்தது, நாடா வெட்டியது. "பயணிகளின் நலன் கருதி எமது நிறுவனத்தால் திறந்துவிடப்பட்ட வீதி" என்று கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துப் பொறித்து நாட்டியது. தாங்கள் பிடுங்குவித்த தடிக்கு அவர்கள் தமக்குத் தாமே மாலை போட்டுக்கொண்டார்கள்! எங்கள் மேலிடத்திலிருந்தும் ஒருவர் அந்த விழாவுக்குப் போய் முன்வரிசையில் இருந்தார். தங்களுடைய இன்றைய விழாவுக்கு வர அவருக்கு நேரமில்லை என்று தொலைபேசியில் அறிவித்திருக்கிறார். வராதது நல்லது. கதிரை ஒன்று மிச்சம்.

கல் நாட்டினார்களே, மற்றவை மாறினவா? தடி மாத்திரம் போயிருக்கிறது. சக்கர நாற்காலிக்கு இன்றும் முதல் நாளே பணம் கட்ட வேண்டும். உள்ளே இன்றும் ஒரே கடை, அதே மூன்று மடங்கு விலை. வெளியூர் விமான சேவை ஒன்று இங்கே பறக்க அனுமதி கேட்டு இரண்டு ஆண்டாகிறது. தரிக்க இடமில்லை என்கிறார்கள். நாளில் இருபது மணித்தியாலம் அந்தத் தளம் வெறுமையாகக் கிடப்பதை அல்லைப்பிட்டியில் ஆடு மேய்ப்பவர்களும் அறிவார்கள். தங்கள் அறுபத்து நான்கு பக்கத்தின் முக்கால் பங்கு இன்னும் எல்லையில்லா இலாகாக்களின் எல்லைகளுக்கு வெளியே அநாதையாக நிற்கிறது. பங்குனியில் வேலணையில் உள்ள எங்கள் கந்தோருக்குத் திரும்பி வந்தீர்கள். நான்கு மாதம் மீண்டும் கடிதம் எழுதினீர்கள். பதிலைக் காணாமலே இன்று ஓய்வுபெறுகிறீர்கள். இதை மகிழ்ச்சியான நாள் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் ஒரு செய்தி உண்டு. இதுவரை தங்களிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தோம்.

எந்த அலுவலகத்தின் கடமை இது என்று தீர்ப்புச் சொல்லி, அந்த அலுவலகத்தைச் செய்ய வைக்கும்படி கோரும் எழுத்தாணை மனு ஒன்று நேற்றுக் காலை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டுள்ளது. முதல் மனுதாரர் ஜெயந்தா அக்கா. அடுத்தவர் ஜெகதீஸ், இம்முறை பயம் என்று எழுதச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் தீவகத்தவர் நாற்பத்திரண்டு பேர். மனுவோடு எங்கள் கந்தோரார் ஐவரின் சத்தியக்கடதாசிகளும் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சுஜிதனுடையது, தான் முன்னர் எழுதிய அந்த வாக்கியம் பொய் என்று தொடங்குகிறது. நாங்கள் மேலிடத்திடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திராது. இதற்காக எங்களை எங்கே தூக்கி எறிவார்கள் என்று தெரியாது. நெடுந்தீவு என்றால், படகில் எங்கே இருந்தால் புடவை நனையாது என்று கஜானிக்கும் லோஜனாவுக்கும் தயவுசெய்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆறாவது சத்தியக்கடதாசி இன்னும் இணைக்கப்படவில்லை. பதினொரு நாள் தடிக்கு அருகே நின்று கண்ணால் கண்டவர் ஒருவர்தான். இத்தனை நாளும் அவர் அரச உத்தியோகத்தர். வாய் திறக்க அனுமதி வேண்டும். நாளைக் காலையிலிருந்து வேண்டியதில்லை! ஓய்வு என்று அரசாங்கம் தங்களுக்குத் தந்திருக்கும் கடிதத்தை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சட்டத்தரணி தங்கள் வீட்டுக்கு வருவார். டிலோன் அழைத்து வருவார்.

ஆகவே, அம்மையீர்! மூட்டுவலி அணுகாமலும் நினைவு மங்காமலும், கோபம் கொஞ்சமும் ஆறாமலும், நீண்ட நெடுங்காலம் தாங்கள் நலமே வாழ வேண்டும் என்று நயினை நாகபூசணி அம்பாளையும் ஊர்காவற்றுறை அந்தோனியாரையும் ஒருங்கே வேண்டுகிறோம். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒரு வழக்கு எத்தனை ஆண்டு இழுபடும் என்பதைத் தாங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள். முதல் சாட்சி கடைசித் தவணைவரை இருந்தாக வேண்டும்.

இங்ஙனம்,
தலை நிமிர்ந்தும் தலை குனிந்தும்,
பரராசசிங்கம், கஜானி, லோஜனா, டிலோன், சுஜிதன்
பாவனையாளர் காப்புப் பணியகம், தீவகக் கிளை,
வேலணை.
2025 ஆடி மாதம்